ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ஏரி

இந்த மாதம் மலைப்பகுதி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல ஒரே தொடரைச் சுற்றி வருகின்றன. கேசண்ட்ரா கிளேர் எழுதிய 'தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' அது. படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: இன்றைய நியூயார்க்கில், தேவதூத ரத்தம் கலந்த ஷேடோஹன்டர்கள் என்ற கூட்டம் யார் கண்ணிலும் படாமல் பேய்களை வேட்டையாடுகிறது. கிளேரி என்ற 15 வயதுப் பெண்ணுக்கு அவர்கள் கண்ணில் பட்டுவிடுகிறார்கள். அடுத்த நாளே அவளுடைய அம்மா காணாமல் போகிறார். பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இந்தத் தொடரை வாங்கித் தரச் சொல்கிறாள். கடையில் பத்துக்கு மேல் புத்தகம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? வயதுக்கு ஏற்றதா? (ஒரு தாய், குன்னூர்)

மொத்தமாக வாங்காதீர்கள். 'சிட்டி ஆஃப் போன்ஸ்' (2007), 'சிட்டி ஆஃப் ஆஷஸ்' (2008), 'சிட்டி ஆஃப் கிளாஸ்' (2009) ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முழுக் கதை. முக்கியமான முடிச்செல்லாம் மூன்றாவதில் அவிழ்ந்துவிடும். 2011, 2012, 2014இல் வந்த அடுத்த மூன்றும் பிறகு நீட்டியவை. நடுவில், 2010 முதல் 2013 வரை, 'தி இன்ஃபெர்னல் டிவைசஸ்' என்ற தலைப்பில் 1878ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் இன்னொரு மூன்று வந்தது. அதற்குப் பின்னும் கிளைகள் உண்டு. கடையில் நீங்கள் பார்த்த மீதி அவைதான்.

படிக்க வேண்டிய வரிசை: முதல் மூன்று, பிறகு லண்டன் மூன்று, அதன்பின் நான்கு, ஐந்து, ஆறு. லண்டன் கதைதான் காலத்தால் முந்தியது, அதிலிருந்து தொடங்கு என்று சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டாம். அந்த உலகத்தின் விதிகளைக் கிளேரியோடு சேர்ந்து கற்றுக்கொள்வதுதான் முதல் புத்தகத்தின் சுவை. அதேபோல் ஆறாவதைப் படித்துவிட்டு லண்டனுக்குப் போனாலும் அங்கே யார் மிஞ்சுகிறார்கள் என்பது முன்பே தெரிந்துபோகும்.

வயது: 14க்கு மேல் சரி. ரத்தமும் வெட்டுக்குத்தும் நிறைய. முதல் மூன்றில் காதல் முத்தத்தோடு நிற்கும். பின்னால் வரும் புத்தகங்களில் கொஞ்சம் நீளும். அலெக் என்ற இளைஞன் ஓர் ஆணை நேசிக்கிறான், வீட்டில் சொல்லப் பயப்படுகிறான். அதைப் பார்த்துப் புத்தகத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். தொடரிலேயே நேர்மையாக எழுதப்பட்ட காதல் அதுதான்.

கேள்வி: இவ்வளவு பேர் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? (பிளஸ் ஒன் மாணவர், கோத்தகிரி)

விதியும் தெருவும் இருக்கின்றன, தம்பி. மந்திரக் கதை எழுதுகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான்.

விதியைப் பாருங்கள். ஷேடோஹன்டர்களின் சக்தி முழுக்க உடம்பில் வரையும் முத்திரைகளில் இருக்கிறது. வரைவதற்கு ஸ்டெலி என்ற கோல் வேண்டும். வரையும்போது சுடும். பெரும்பாலான முத்திரைகள் வேலை முடிந்ததும் மங்கி வெளிறிய தழும்பாகும். மறுபடி தேவையென்றால் மறுபடி வரைய வேண்டும். சாதாரண மனிதர் மேல் வரைந்தால் சாவார், அல்லது புத்தி கெட்ட பிராணியாகிவிடுவார். அவர்களுடைய வாளை ஒரு தேவதூதனின் பெயரால் அழைத்தால்தான் ஒளி பற்றும். 'இவ்வளவு செய்கிறவர்கள் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பதற்குள் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: முத்திரை பதித்த வெடிமருந்து பற்றாது. ஒவ்வொரு சண்டைக் காட்சியிலும் ஆபத்து நிஜமாகத் தெரிவதற்கு இந்தத் தடைகள்தான் காரணம்.

கிளேரிக்கு இத்தனை நாள் எதுவும் தெரியாமல் போனதற்கும் 'விதி அப்படி' என்று சொல்லித் தப்பிக்கவில்லை. அவளுடைய அம்மாதான் மாக்னஸ் பேன் என்ற மந்திரவாதியிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகளைக் கூட்டிப்போய் நினைவை மூடி வைத்திருக்கிறாள். வேலைக்கு ஆள் உண்டு, தவணை உண்டு. நம்பும்படி இருக்கிறது.

அடுத்தது தெரு. ஷேடோஹன்டர்களின் தலைமையிடம் வெளியாட்கள் கண்ணுக்குப் பாழடைந்த சர்ச். வில்லன் ஒளிந்திருக்கும் இடம் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் இன்றும் நிற்கும் பழைய அம்மை நோய் மருத்துவமனையின் இடிபாடு. 1856இல் திறந்த நிஜக் கட்டடம். அந்த ஊர்க்காரர் தினமும் பாலத்திலிருந்து பார்த்துக் கடந்துபோகும் சுவருக்குள் ஒரு கதையை வைத்தால், அடுத்த முறை அவர் அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். இந்த வகைக் கதைக்கு நகரம் வேண்டும் என்பது அதற்குத்தான்.

வில்லன் வேலண்டைனும் நல்ல பாத்திரம். கத்துவதில்லை, காரணம் சொல்கிறான். ஒரு நொடி நீங்களே தலையாட்டிவிடுவீர்கள்.

கேள்வி: மூன்றோடு நிறுத்திவிட்டேன், சலித்துவிட்டது. குறை என்னிடமா, புத்தகத்திலா? (கல்லூரி மாணவி, உதகை)

புத்தகத்தில்தான். ஆனால் குறை மூன்றுக்குப் பின் வந்தது அல்ல, இரண்டாவதிலேயே விதை விழுந்துவிட்டது. (முடிச்சு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதையும் படம் பற்றிய அடுத்த கேள்வியையும் தாண்டிவிடலாம்.)

மேலே சொன்ன முத்திரைகள் எல்லாம் ஒரு பழைய நூலில் உள்ளவை, எண்ணிக்கை நிலையானது. இரண்டாம் புத்தகத்தில் கிளேரிக்குப் புதுப்புது முத்திரைகள் மனதில் தோன்றத் தொடங்குகின்றன. முதல்முறை வரும்போது சிலிர்க்கும். ஒரு கப்பலையே ஆணி ஆணியாகக் கழற்றிவிடுகிறாள். ஆனால் அதன்பிறகு அவள் எந்தச் சிக்கலில் மாட்டினாலும், 'இதற்கும் ஒன்று தோன்றிவிடும்' என்று வாசகருக்குத் தெரிந்துபோகிறது. விதியைத் தளர்த்தியதும் பயம் போய்விட்டது. உங்கள் சலிப்பு அங்கே ஆரம்பித்திருக்கும்.

அடுத்து அந்த அண்ணன் தங்கை விவகாரம். முதல் புத்தகத்தின் கடைசியில், காதலர்களான கிளேரியும் ஜேஸும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று வில்லன் சொல்கிறான். பொய் என்பது மூன்றாவதில்தான் தெரியும். நடுவில் ஒரு முழுப் புத்தகத்துக்கு இருவரும் அந்த உறவை நம்பிக்கொண்டே ஏங்குகிறார்கள். முறை பார்த்தே பழகிய நம் வாசகருக்கு இது நெளிய வைக்கும். நெளிய வைப்பது தப்பில்லை, அதுவும் எழுத்தின் வேலைதான். ஆனால் அந்த வலியால் இருவர் குணத்திலும் எதுவும் மாறவில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். தாமதிப்பதற்காக மட்டும் போட்ட முடிச்சு அது.

பேச்சு: ஜேஸ் குத்தலாகப் பேசுவான், ரசிக்கலாம். கிளேரியின் நண்பன் சைமனும் அப்படியே, அலெக்கின் தங்கை இசபெல்லும் அப்படியே, மாக்னஸும் அப்படியே. நான்கு பேர் பேசும் பக்கம் ஒன்றைத் திறந்து, பெயர்களை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று கண்டுபிடிக்கச் சிரமப்படுவீர்கள். வருணனையிலும் 'போல' மிக அதிகம். ஒரு பத்தியில் மூன்று உவமை வந்தால் எதுவும் மனதில் தங்காது. முதல் புத்தகத்தில் பாதித் தகவல் கிளேரி கேட்க, ஒருவர் உட்கார்ந்து விளக்குவதாகவே வருகிறது.

பெரிய குறை வேறு. இந்த உலகத்தில் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதர், தேவதைகள், மந்திரவாதிகள் எல்லாம் 'டௌன்வேர்ல்டர்' என்ற தாழ்ந்த தரம். தேவதூத ரத்தம் உள்ளவர்கள் சட்டம் போடுகிறவர்கள். இது அநியாயம் என்று தொடரே சொல்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலண்டைன் கெட்டவனாவதே இந்த வெறியால்தான். ஆனால் கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்று பாருங்கள்: பெரும்பாலும் உயர்ந்த ரத்தத்தின் கண்ணால்தான். பிற்பகுதி வில்லன் செபாஸ்டியன் ஏன் கொடியவன்? கருவிலேயே பேயின் ரத்தம் ஏற்றப்பட்டதால். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மூன்று புத்தகம் வாதாடிவிட்டு, கெடுதலுக்குக் காரணம் கேட்டால் மறுபடி ரத்தத்தையே காட்டுகிறார். பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் ஊரில் இருக்கும் நமக்கு இந்த இடம் உடனே உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

கேள்வி: படம் பார்த்தால் போதாதா? (கூடலூர்)

போதாது. 2013இல் வந்த படம், அண்ணன் தங்கைக் கதை வில்லனின் பொய்தான் என்பதைப் பார்வையாளருக்கு அப்போதே காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்று புத்தகத்துக்கு வர வேண்டிய காற்று முதல் மூச்சிலேயே போயிற்று; இரண்டாவது படம் வரவேயில்லை. 2016 முதல் 2019 வரை மூன்று சீசன் ஓடிய 'ஷேடோஹன்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடர் பரவாயில்லை. கிளேரியின் வயதை 18 ஆக்கியிருப்பார்கள். அலெக், மாக்னஸ் பகுதிக்காகப் பார்க்கலாம்.

கேள்வி: முக்கோணக் காதல் என்றாலே எரிச்சல். லண்டன் கதையிலும் அதேதானே? (அருவங்காடு)

அதேதான், ஆனால் செய்த விதம் வேறு. நியூயார்க் கதையில் ஜேஸ், கிளேரி, சைமன் மூவரில் சைமன் வெறும் காத்திருப்போர் பட்டியல். லண்டனில் வில்லும் ஜெம்மும் உயிர்த்துணையாகச் சத்தியம் செய்துகொண்ட நண்பர்கள். டெஸ்ஸா இருவரையும் நேசிக்கிறாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். யார் ஜெயித்தாலும் ஜெயித்தவனுக்கே நஷ்டம். இந்த எழுத்தாளரின் புத்தகங்களில் ஒரு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன். இருபது பக்கத்தில் மூச்சு முட்டுகிறது. வழி உண்டா? (பந்தலூர்)

உங்களைத் தடுப்பது ஆங்கிலமாக இருக்காது; ஆசிரியர் உண்டாக்கிய, அல்லது தன் உலகத்துக்கென்று எடுத்தாண்ட சொற்களாக இருக்கும். அகராதியைப் பார்த்தாலும் அவற்றில் பலவற்றுக்கு இந்தப் பொருள் கிடைக்காது. ஷேடோஹன்டர், டௌன்வேர்ல்டர், மண்டேன் (நம்மைப் போன்ற சாதா ஆட்கள்), ஸ்டெலி, கிளேமர் (கண்கட்டு), வார்லாக் (மந்திரவாதி), கிளேவ் (அவர்களுடைய ஆட்சிச் சபை), இட்ரிஸ் (மறைந்திருக்கும் தாய்நாடு) என்று ஒரு பத்துச் சொல்லைப் பின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். உவமைகள் புரியாவிட்டால் தாண்டுங்கள். நஷ்டமில்லை என்று மேலே சொல்லிவிட்டோம். உரையாடலை மட்டும் விடாதீர்கள். நாலைந்து அத்தியாயம் தாண்டினால் ஓட்டம் பிடித்துவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் புத்தகம் ஊதிப்போகிறது, பூசணம் வேறு. (குன்னூர்)

அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும், அதனால் காகித அட்டை போதும். நெருக்கி அடுக்காமல், ஒரு விரல் நுழையும்படி நிறுத்துங்கள். நனைந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, பசை விட்டுத் தாள் உதிரும். இருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு வைத்து, ஒரு மணிக்கொரு முறை மாற்றி, முக்கால் ஈரம் போனதும் மேலே கனம் ஏற்றுங்கள். பூசணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெயில் வந்த நாளில் வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் துடையுங்கள்.

கேள்வி: கொடைக்கானலை வைத்து இப்படி ஒரு நாவல் 100 பக்கம் எழுதியிருக்கிறேன். மூடுபனி வந்ததும் மறு உலகம் திறக்கும். முதல் அத்தியாயங்களை இணைத்துள்ளேன். (கொடைக்கானல்)

படித்தோம். மொழி நன்றாக இருக்கிறது. மூடுபனியை எடுத்துவிடுங்கள்.

மலையை வைத்து எழுதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், அதனாலேயே வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியில் கண்ணாடி போல வெயில் அடித்து, காலைப் புல்லில் உறைபனி கிடக்கும் நாளில் உங்கள் மறு உலகம் என்ன செய்யும், விடுமுறையா? கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு எல்லா நாளும் வேலை செய்யும் காரணம் வேண்டும்.

காரணத்தை ஊரிலேயே தேடலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1901 முதல் வேலை செய்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கம் நகர்வதை 1909இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலான சூரியப் படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. இவ்வளவு காலம் சூரியனை ஒருவர் விடாமல் கண்காணிக்கிறார் என்றால், எது தப்பித்துவிடாமல் இருக்க என்று உங்கள் கதை கேட்கலாம். குணா குகையை விட்டுவிடுங்கள், அதைப் பலர் எடுத்தாயிற்று.

பிறகு ஒரே ஒரு தாளில் விதி எழுதுங்கள்: யாரால் முடியும், ஒவ்வொரு முறையும் என்ன விலை, எது எப்போதும் முடியாது, மீறினால் யார் கேட்பார்கள். இப்போது உங்கள் கதையில் வேப்பிலை, எலுமிச்சை, உப்பு, மிளகாய், இரும்பு எல்லாமே பேயை விரட்டுகின்றன. அப்படியானால் பேய்க்கு வாழ இடமே இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். வைத்துக்கொள்வது இரும்பு என்றால் இன்னும் யோசிக்கலாம்: நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு, இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் ஒன்றும் ஓடுகிறது. குன்னூரோடு அந்த நடுத் தண்டவாளம் நின்றுவிடும். மலைச்சரிவில் இரும்பால் போட்ட பற்கோடு, ஓர் இடத்தில் முடிகிறது. அந்தப் பக்கம் யாருக்குக் காவல் இல்லை?

தூரத்தை நடந்து பாருங்கள். ஏரியைச் சுற்ற ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வேகமாக நடந்தாலே ஒரு மணி நேரம். உங்கள் நாயகி சமவெளியிலிருந்து வந்த முதல் நாளே பத்து நிமிடத்தில் ஓடிச் சுற்றுகிறாள். 2,100 மீட்டர் உயரத்தில் அவளுக்கு ஏழு ரோடு வருவதற்குள் இரைக்கும். கடைசியாக ஒன்று: 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உங்கள் ரத்தக்காட்டேரி காரில் வருகிறது. எந்தப் பெயரில் பதிவு செய்தது? விளையாட்டாகக் கேட்கவில்லை; அந்த ஒரு பதிவிலிருந்து உங்கள் இரண்டாம் அத்தியாயம் கிளம்பும்.

கேள்வி: ஊட்டியில் அப்படி என்ன இருக்கிறது, தாவரவியல் பூங்காவைத் தவிர? (உதகை)

ஏரி இருக்கிறது, பாதிதான். 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் அணைகட்டித் தேக்கிய அந்த ஏரி இப்போதிருப்பதைவிடப் பெரியது. பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் பழைய ஏரிப் பரப்பில் எழுந்தவை. மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் காலுக்கடியில் தண்ணீர் இருந்த இடம். இது போதாதென்றால் புனித ஸ்டீபன் சர்ச்சுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். கூரை உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை.

கேள்வி: என் கதையில் காட்டுக்குள் குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மந்திரவாதி வருகிறார். தோழி கூடாது என்கிறாள். (கூடலூர்)

தோழி சொல்வதே சரி. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் மாடு செத்தாலும் ஆள் செத்தாலும் குறும்பர் வைத்த சூனியம் என்று சொல்லி, கும்பலாகப் போய்க் கொன்ற நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் அலங்காரமாக எடுக்கும் அந்தப் பட்டம் ஒரு காலத்தில் உயிரை வாங்கியது. டௌன்வேர்ல்டர்களை வைத்துக் கிளேர் சறுக்கியது கற்பனை இனத்தில். நீங்கள் சறுக்கினால் பக்கத்து ஊர்க்காரர் மேல் விழுவீர்கள்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் யாரையும் 'மந்திர இனம்' ஆக்காதீர்கள். அதற்காகக் கதையிலிருந்தே துரத்தவும் வேண்டாம். கூடலூர் ஸ்டேட் பேங்க்கில் வேலை பார்க்கும் குறும்பர் பெண்ணுக்கு இந்த மாயமெல்லாம் உங்கள் நாயகனைப் போலவே புதிதாக இருக்கட்டும். நிஜத் தெய்வத்தின் பெயரையும் சடங்கையும் எடுக்காதீர்கள். அவர்கள் மொழியில் வசனம் வைத்தால், அந்த மொழி பேசுபவரிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

பேய்க்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே யாரும் எழுதாத வழி ஒன்று இருக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் இறங்கின. கண்டி மலையில் நாலு தலைமுறை அவர்களைத் தெரிந்து வைத்திருந்த பேய், கப்பலேறித் தேடி வருமா, அங்கேயே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தனியாக நிற்குமா? அந்தப் பாட்டிகளிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: கதையில் பூனை உண்டா? (ஏழாம் வகுப்பு, கோத்தகிரி)

இரண்டு உண்டு. மாக்னஸ் வீட்டில் சேர்மன் மியாவ். ஷேடோஹன்டர்கள் இருப்பிடத்தில் சர்ச் என்று பெயருள்ள பாரசீகப் பூனை. யாருக்கும் வளைந்து கொடுக்காது. அதே பூனை 1878 லண்டன் கதையிலும் வருகிறது. உங்களுக்கு முதல் புத்தகத்தைத் தொட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பூனைக்கு ஒன்றும் வயதாகிவிடாது.